கடனுக்குத் தலைவணங்காத ஆசிரியர்

டான்சானியாவின் முதல் அரசுத்தலைவரான இறையடியார் ஜூலியஸ் நைரேரேயை அவருடைய மக்கள் 'முவாலிமு', அதாவது ஆசிரியர் என்றே அழைத்தனர். 1922இல் புத்தியாமா கிராமத்தில் பிறந்து, 1943இல் திருமுழுக்குப் பெற்ற அவர், கத்தோலிக்கப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்.

1965இல் ரொடீசியாவின் வெள்ளையர் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்தது. பிரிட்டன் அதை அடக்கவில்லை என்பதற்காக அந்நாட்டுடன் உறவை முறித்துக்கொண்டார் நைரேரே. கிடைக்கவிருந்த 75 இலட்சம் பவுண்டு கடன் நின்றுபோனது. தெரிந்தேதான் செய்தார். வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருந்தால் விடுதலை பறிபோகும் என்று 1967இல் அருஷா அறிக்கை வழியாகவும் எச்சரித்தார்.

நடந்தது வேறு. மக்களைக் கட்டாயமாகப் புதிய கிராமங்களில் குடியேற்றியது வேளாண்மையைக் குலைத்தது. இது அவருடைய தவறுதான், மறைப்பதற்கில்லை. எண்ணெய் விலையேற்றமும் உகாண்டாப் போரும் சேர்ந்துகொள்ள, நாடு கடனில் மூழ்கியது. ஆயினும் ஏழைகளை வாட்டும் நிபந்தனைகள் என்று சொல்லி, பன்னாட்டு நாணய நிதியத்திற்கு அவர் இணங்கவில்லை. 1985இல் தாமாகவே பதவி விலகினார். மறு ஆண்டே அடுத்த அரசு அந்த நிதியத்துடன் உடன்பாடு செய்துகொண்டது.

1999 அக்டோபர் 14 அன்று நைரேரே இலண்டனில் இறந்தார். 2001இல் டான்சானியாவுக்குக் கடன் தள்ளுபடி கிடைத்தது. இடையில் திரும்பவும் புகுந்திருந்த தொடக்கப்பள்ளிக் கட்டணமும் அவ்வாண்டு நீக்கப்பட, பிள்ளைகள் திரளாக வகுப்புக்கு வந்தனர். அதைக் காண ஆசிரியர் உயிரோடு இல்லை.