எதிர் நாற்காலியில் மருதநாயகம்

ஹாஸ்டல் ரூம்ல ஒரு மேஜை. ரெண்டு சார்ட் பேப்பரை ஒட்டி வரைஞ்ச மேப். பாட்டில் மூடி, சில்லறைக் காசு, ரப்பர் எல்லாம் படைகள். பகடை ரெண்டு. எதிர் நாற்காலி காலியா இருக்கு. வரலாற்றுல இருந்து எந்தத் தளபதியை வேணும்னாலும் கூப்பிட்டு உட்கார வைக்கலாம்னா, நீங்க யாரைக் கூப்பிடுவீங்க?

நெப்போலியன், அலெக்சாண்டர், ராஜேந்திர சோழன்னு பேர் வரும். தப்பில்லை. மேப் மேல கட்டைகளை நகர்த்திப் போர் பழகுறதை 1824-லயே பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியா வச்சிருந்தது. நம்ம ஊர்த் திண்ணையில ஆடுபுலி ஆட்டம் இருக்கு. ஆனா நான் கூப்பிடச் சொல்றது, நீங்க காலேஜ் பஸ்ல போற இதே பக்கத்துல படை நடத்தின ஒருத்தரை. பேர் யூசுப்கான். மக்கள் வாயில கான்சாகிப். உங்களுக்குத் தெரிஞ்ச பேர் மருதநாயகம். 1997-ல் கமல் ஆரம்பிச்சு இன்னும் முடியாம நிக்கிற படத்தோட நாயகன்.

முதல்ல மேப்பைப் பாருங்க. மேல ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்து ராஜபாளையம். தெக்கே இறங்கினா சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர். மேற்கே முழுக்க மலையும் காடும். கிழக்கே கரிசல். நடுவுல கண்மாய், வயல், பாளையக்காரர்களோட மண் கோட்டைகள். 1750-கள்ல ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் ஒரு கோட்டை இருந்துச்சு. அது நவாப் ஆட்கள் கைக்கும் பாளையக்காரர் கைக்கும் மாறி மாறிப் போச்சு. மதுரையில இருந்து மலையடிவாரமா தெக்கே போற படைக்கு இதுதான் வாசல்.

இப்போ எதிராளியைப் பத்தி. 1725 வாக்குல ராமநாதபுரம் சீமையில பனையூர்ல பிறந்தவர். வேளாளர் குடும்பம்னு சொல்றாங்க. சின்ன வயசுல வீட்டை விட்டுக் கிளம்பி, பல இடங்கள்ல வேலை பார்த்து, இஸ்லாத்துக்கு மாறி, சிப்பாயா ஆனார். 1752 வாக்குல கிளைவ் கீழே கம்பெனிப் படையில சேர்ந்தார். அப்போ திருச்சிக் கோட்டைக்காகப் பெரிய சண்டை நடந்துக்கிட்டு இருந்தது. உள்ளே நவாப் முகமது அலியும் கம்பெனியும். வெளியே பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும்.

அவர் பாடம் படிச்சது அங்கேதான். திருச்சியைக் காப்பாத்தினதுல பீரங்கிக்கு எவ்வளவு பங்கோ, மாட்டு வண்டிக்கும் அவ்வளவு பங்கு. தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் தொண்டைமான் சீமையில இருந்தும் காட்டு வழியா நெல்லும் ஆடுமாடும் கோட்டைக்குள்ள போய்ச் சேரணும். அந்த வண்டிகளுக்குக் காவல் போனது, எதிரி எங்கே நிக்கிறான்னு உளவு சொன்னது, ராத்திரியில வழி காட்டினது யூசுப்கான். மேஜர் லாரன்ஸ் அவரை மேலே ஏத்திவிட்டார். 1754-ல் கம்பெனியோட இந்தியச் சிப்பாய்கள் எல்லாருக்கும் அவர்தான் கமாண்டன்ட். அதனால உங்க மேஜையில அவர் முதல் ரவுண்டுல பாய்ஞ்சு வருவார்னு எதிர்பார்க்காதீங்க. உங்க நெல் மூட்டை எந்த வழியா வருதுன்னுதான் முதல்ல பார்ப்பார்.

1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில கம்பெனிப் படை தெக்கே வந்தது. கூட யூசுப்கானும் வந்தார். பூலித்தேவன் இருந்த நெற்கட்டும்செவல் முன்னாடி போய் நின்னப்போ சுவரை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லை. திரும்பிப் போற வழியில நத்தம் கணவாயில கள்ளர்கள் அந்தப் படையைப் பிய்ச்சு எடுத்துட்டாங்க. ஹெரான் வேலை போச்சு. யூசுப்கான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தார். அடுத்த வருஷம் அவரே தலைமை ஏத்து வந்தப்போ, ஆரம்பத்துலயே கை வச்ச இடங்கள்ல ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டையும் ஒண்ணு. வாசலைப் பிடிச்சாதான் பின்னால வண்டி வரும், இல்லையா?

1758 கடைசியில பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைச்சார். யூசுப்கானை அவசரமா வடக்கே கூப்பிட்டாங்க. அவர் கோட்டைக்குள்ள போகவே இல்லை. பிரெஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோட சேர்ந்து செங்கல்பட்டுப் பக்கமா வெளியிலேயே சுத்தி, லாலிக்கு வர்ற உணவையும் வண்டிகளையும் அடிச்சுக்கிட்டே இருந்தார். 1759 பிப்ரவரியில லாலி முற்றுகையை விட்டுட்டுக் கிளம்பினார். பிரெஸ்டன் பேரை மனசுல வச்சுக்கோங்க. திரும்ப வருவார்.

அதே வருஷம் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்க் குத்தகைக்கு யூசுப்கான் கைக்கு வந்துச்சு. மறுபடி நம்ம மேப். இந்தத் தடவை இலக்கு வாசுதேவநல்லூர். சிவில் படிக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க. அது மண் சுவர். கல் சுவர்னா குண்டு பட்டா உடைஞ்சு சரியும். மண் சுவர்ல குண்டு உள்ளே புதைஞ்சு நின்னுடும். சில வருஷம் கழிச்சு, 1767-ல், அதே கோட்டைக்கு வந்த கர்னல் கேம்பெல், உள்ளே இருந்தவங்க குண்டு போட்ட ஓட்டையை உடனுக்குடன் வைக்கோலும் பனை ஓலையும் திணிச்சு அடைச்சதைப் பார்த்து வியந்து எழுதி வச்சிருக்கார். 1759-ல் யூசுப்கானும் இதே சுவர்லதான் முட்டினார். முன்னால சுவர் அசையலை. பின்னால பூலித்தேவன் வந்து முகாமைத் தாக்கினார். குண்டும் மருந்தும் குறைஞ்சு போய் பின்வாங்க வேண்டியதாச்சு.

ஆனா மேப்புக்கு வெளியிலயும் ஒரு வேலை பார்த்திருந்தார். பூலித்தேவன் பக்கம் இருந்த திருவிதாங்கூர் ராஜாகிட்ட பேசி, களக்காடு பகுதியை விட்டுக்கொடுத்து, கூட்டணியைப் பிரிச்சார். 1761-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் விழுந்தது. இந்தப் பனையூர் அவர் பிறந்த ஊர் இல்லை, வேற.

இங்கே நீங்க கொஞ்சம் நெளியலாம். நெளியணும். கம்பெனிக்காக நம்ம பாளையக்காரர்களை அடிச்சு நொறுக்கினவர் இவர். இதை மறைச்சுட்டு ஹீரோ போஸ்டர் ஒட்ட முடியாது. அதே ஆள்தான் மதுரையில கோயில் வருமானத்தைச் சீர் பண்ணினார், கண்மாய்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார், நெசவாளர்களை ஆதரிச்சார். வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம்னு ஒரு ஊர் இருக்கு. அது அவர் பேர்தான்னு சொல்றாங்க. பயந்து ஓடின சனங்க மட்டும்னா ஊருக்கு அந்தப் பேர் நிலைச்சிருக்குமா?

சீமை செழிச்சதும் நவாபுக்குக் கண் உறுத்துச்சு. குத்தகையும் அதிகாரமும் தன் வழியாத்தான் போகணும்னு கேட்டார். யூசுப்கான் 7 லட்சம் தர்றேன்னு சொல்லிப் பார்த்தார். கம்பெனி நவாப் பக்கம் சாய்ஞ்சது. அதுவரைக்கும் அவர் மத்தவங்க மேஜையில நகர்ற காய். கிளைவ், லாரன்ஸ், நவாப், யார் நகர்த்தினாலும் ஜெயிச்சுக் கொடுத்த காய். 1763-ல் அந்தக் காய் எழுந்து நாற்காலியில உட்கார்ந்துச்சு. மதுரைக் கோட்டையில பிரெஞ்சுக் கொடி ஏறினது.

இப்போ ஆடுபுலி ஆட்டத்தை நினைச்சுக்கோங்க. 3 புலி, 15 ஆடு. ஆடு புலியை வெட்ட முடியாது. நகர இடமில்லாம அடைக்கத்தான் முடியும். 1763-ல் வந்த முதல் முற்றுகை மழைக்காலத்தோட கலைஞ்சது. 1764-ல் மேஜர் சார்லஸ் கேம்பெல் தலைமையில திரும்ப வந்தாங்க. ஜூன் 26-ம் தேதி சுவர் மேல ஏறின படையை யூசுப்கான் அடிச்சுத் துரத்தினார். அதுல படுகாயப்பட்டுச் செத்தவங்கள்ல ஒருத்தர் பிரெஸ்டன். அஞ்சு வருஷம் முன்னாடி செங்கல்பட்டுல இவர் பக்கத்துல நின்ன அதே பிரெஸ்டன்.

அதுக்கப்புறம் கேம்பெல் பாயறதை நிறுத்திட்டு வழிகளை அடைச்சார். திருச்சியில யூசுப்கான் எந்தப் பாடத்தைப் படிச்சாரோ, அதே பாடத்தை அவர் மேலயே நடத்தினாங்க. உள்ளே நெல் தீர்ந்தது. பசி வந்தா விசுவாசம் கரையும். பிரெஞ்சு அதிகாரி மார்ச்சந்தும் திவான் சீனிவாச ராவும் மத்த சிலரும் சேர்ந்து, அக்டோபர் 13-ம் தேதி, தொழுகையில இருந்தவரைப் பிடிச்சுக் கட்டினாங்க. கோட்டை கைமாறியது. 15-ம் தேதி நவாபோட உத்தரவுல தூக்கு. கயிறு ரெண்டு தடவை அறுந்ததுன்னும், பயத்துல உடலைத் துண்டு பண்ணி வேற வேற ஊருக்கு அனுப்பினாங்கன்னும் சனங்க இன்னும் சொல்றாங்க. மதுரை சம்மட்டிபுரத்துல அவர் அடக்கம் இருக்கு.

சரி, மேஜைக்கு வாங்க. அவரை ஜெயிக்க முடியுமா? வழி, வண்டி, சுவர், கூட்டணி எல்லாத்துலயும் அவர் உங்களை விட ரெண்டு ரவுண்டு முன்னாடி யோசிப்பார். எதிர்ல உட்கார்ந்து அவரை முழுசா முடிச்சவங்க யாரும் இல்லை. முடிச்சது அவர் நாற்காலிக்குப் பின்னால நின்னவங்க. அதனால ரூல் புக்ல ஒரு வரி சேர்த்துக்கோங்க: நெல் தீர்ந்த ஒவ்வொரு ரவுண்டுக்கும் தன் பக்கத்து ஆளுங்களுக்காக ஒரு பகடை போடணும். அந்தப் பகடையை அவரும் போடணும், நீங்களும் போடணும்.

ஆட்டம் முடிஞ்சதும் காய்களை எடுத்து வைக்கும்போது, பூலித்தேவனோட காயையும் அவரோட காயையும் ஒரே டப்பாவுல போடுங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னிருந்தா மேப் எப்படி மாறியிருக்கும்னு, அடுத்த சனிக்கிழமை வேணும்னா ஆடிப் பாருங்க.