இடையில் விலகும் மாணவனுக்கு என்ன மிஞ்சும்? – ஆங்கில ஆசிரியர் மைக்கல் வெஸ்ட்டின் கதை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்காகச் சுருக்கி எளிமையாக்கிய ரொபின்சன் குரூசோ போன்ற ஒரு கதைப் புத்தகம் பலருடைய வீட்டில் இருந்திருக்கும். எளிய ஆங்கிலச் சொற்களாலேயே பொருள் சொல்லும் மாணவர் அகராதியும் இருந்திருக்கலாம். இந்த இரண்டு வகை நூல்களுக்கும் பின்னால் நிற்கும் முக்கியமான மனிதர் மைக்கல் வெஸ்ட். ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் அவருடைய பெயர் இன்றும் அடிபடுகிறது. ஆனால் அந்த வேலை தொடங்கிய இடம் இலண்டனோ ஒக்ஸ்போர்ட்டோ அல்ல, டாக்கா என்பது பலருக்குத் தெரியாது.

1888 இல் இங்கிலாந்தில் பிறந்த வெஸ்ட், ஒக்ஸ்போர்ட்டில் படித்து முடித்து 1912 இல் இந்தியக் கல்விச் சேவையில் சேர்ந்தார். வங்காளத்திலேயே அவருடைய பணிக்காலம் கழிந்தது. பின்னர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபரானார். வகுப்பறையின் பின்வரிசையில் உட்கார்ந்து பிறர் பாடம் நடத்துவதைப் பார்ப்பது அவருடைய தொழிலின் ஒரு பகுதி. அப்படிப் பார்த்தவற்றைத்தான் அவர் கணக்கெடுக்கத் தொடங்கினார்.

அன்றைய வங்காள இடைநிலைப் பாடசாலையின் முழுக் கவனமும் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் பரீட்சை மீதே இருந்தது. அந்தப் பரீட்சையின் மொழி ஆங்கிலம். எனவே கீழ் வகுப்புப் பையனின் முதல் ஆங்கிலப் பாடம் முதற்கொண்டு எல்லாமே பல வருடங்களுக்குப் பின் வரப்போகும் அந்த ஒரு நாளுக்கான ஆயத்தமாக இருந்தன. இலக்கணம், மொழிபெயர்ப்பு, மனனம், சத்தமாக வாசித்தல் என்று பாடம் போகும். ஒருவன் எழுந்து நின்று ஒரு பந்தியை வாசிப்பான். மற்ற நாற்பது பேரும் தங்கள் முறை வரும்வரை சும்மா இருப்பார்கள்.

இந்த முறையால் யார் பயனடைகிறார்கள் என்று வெஸ்ட் பார்த்தபோது கிடைத்த பதில் சங்கடமானது. ஒவ்வொரு வகுப்பு ஏறும்போதும் மாணவர் தொகை குறைந்துகொண்டே போனது. வயல் வேலை, வறுமை, பரீட்சையில் தோல்வி என்று விலகியோர் ஏராளம். கடைசிவரை வந்தவர் சிலர். அந்தச் சிலருக்காக வகுத்த பாடத்திட்டத்தில் இரண்டு மூன்று வருடங்கள் படித்துவிட்டு விலகிய பையன் கையில் எதுவும் இல்லாமல் வீட்டுக்குப் போனான். சில இலக்கண விதிகளும் பொருள் தெரியாத சில செய்யுள் வரிகளும்தான் அவனிடம் எஞ்சின. அவனால் ஒரு ஆங்கிலப் பத்திரிகையைக் கூட வாசிக்க முடியாது.

இதை விளக்க வெஸ்ட் காப்புறுதித் தொழிலிலிருந்து ஒரு சொல்லை எடுத்தார். ஆயுள் காப்புறுதி எடுத்தவர் தவணைக்காலம் முடியுமுன் அதை நிறுத்திவிட்டால், அதுவரை கட்டியதற்கு ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். அதுதான் சரண்டர் பெறுமதி. ஒரு பாடத்துக்கும் அப்படியொரு பெறுமதி இருக்க வேண்டும் என்றார் வெஸ்ட். எந்த வருடத்தில் ஒரு பிள்ளை விலகினாலும் அதுவரை செலவிட்ட நேரத்துக்கு ஈடான, பயன்படுத்தக்கூடிய ஒன்று அதன் கையில் இருக்க வேண்டும். கெட்டிக்கார மாணவனைக் கொண்டே பாடசாலைகளை அளந்த ஒரு காலத்தில், தோற்றுப்போகும் மாணவனைக் கொண்டு பாடத்திட்டத்தை அளந்தவர் இவர்.

1926 இல் கல்கத்தாவில் வெளியான, வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றிய அவருடைய பெரிய ஆய்வின் நடுநாடி இதுதான். பேச்சு, எழுத்து, வாசிப்பு ஆகியவற்றில் எது அந்தப் பையனுக்குச் சீக்கிரம் கைகொடுக்கும் என்று கேட்டு, வாசிப்பு என்று முடிவு செய்தார். கிராமத்தில் அவன் ஆங்கிலம் பேச ஆளில்லை. ஆனால் விவசாயம், மருத்துவம், உலக நடப்பு என்று தேடிப் போனால் நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆசிரியரின் உச்சரிப்பு பிழையானாலும் மௌன வாசிப்பு கெட்டுப்போகாது. பாடசாலையை விட்ட பிறகும் தனியாகத் தொடரக்கூடிய திறன் அது ஒன்றே.

முடிவு சரியென்றாலும் வாசிக்கப் புத்தகம் இல்லை. பாடநூல்களைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தவர், புதிய சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடப்பதைக் கண்டார். சில வரிகளுக்கு ஒருமுறை தடுக்கி விழும் பிள்ளை கதையையா படிக்கும்? அந்தச் சொற்களிலும் பல, பழைய இலக்கியத்தில் மட்டுமே வாழ்ந்தவை. ஐலண்ட் என்ற சாதாரணச் சொல் இருக்க, ஐல் என்ற கவிதைச் சொல். பிஃபோர் இருக்க, ஏர் என்ற பழஞ்சொல்.

வெஸ்ட் தாமே எழுத உட்கார்ந்தார். ஏறத்தாழ ஐம்பது சொற்களுக்கு ஒன்றுக்கு மேல் புதுச்சொல் வரக்கூடாது என்பது அவர் வைத்த அளவு. இருநூற்றைம்பது சொற்கள் கொண்ட ஒரு பக்கம் என்றால் ஐந்து புதுச்சொற்கள்தான். வந்த சொல் அதே பகுதியில் திரும்பத் திரும்ப வர வேண்டும், பிறகும் மறக்க விடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். எந்தச் சொல் முதலில் என்று முடிவுசெய்ய அமெரிக்க உளவியலாளர் தோர்ன்டைக் 1921 இல் வெளியிட்ட சொல் எண்ணிக்கைப் பட்டியல் உதவியது. வாசிக்கத் தொடங்குமுன்னரே கேள்விகளைக் கொடுத்து, விடையைத் தேடி மௌனமாக வாசிக்க வைத்தார். டாக்காவின் பாடசாலைகளில் பரீட்சித்துப் பார்த்துத் திருத்திய இந்த நூல்களை லோங்மன்ஸ் நிறுவனம் நியூ மெத்தட் வரிசையாக வெளியிட்டது. பல நாடுகளின் வகுப்பறைகளுக்கு அவை போய்ச் சேர்ந்தன.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்றில்லை. அதே காலத்தில் ஜப்பானில் இருந்த ஹரோல்ட் பாமர், மொழி என்பது முதலில் பேச்சு, காதும் வாயும் பழகிய பின்னரே புத்தகம் என்ற கட்சிக்காரர். வெஸ்ட்டின் வழியில் வாசிக்கத் தெரிந்த ஊமைகள்தான் உருவாகுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. இன்னொரு கேள்வியும் உண்டு. ஆளுகின்ற நாட்டிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், வங்காளப் பையனுக்கு வாசிப்பு முதலில் போதும் என்று தீர்மானிப்பதில் இருக்கும் அரசியலை நாம் பார்க்காமல் விட முடியாது. அன்று நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் உயர்ந்த இடங்கள் ஆங்கிலம் பேசியவருக்கே கிடைத்தன. ஆனாலும், பேசவும் வராமல் வாசிக்கவும் வராமல் போன பெரும்பான்மைக்கு என்ன வழி என்று வெஸ்ட் கேட்ட கேள்விக்கு அவரை மறுத்தவர்களிடமும் இலகுவான பதில் இருக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

1932 இல் வங்காளத்தை விட்டுப் புறப்பட்டார். சில காலம் கனடாவின் ரொறன்ரோவில் ஆய்வு செய்தார். அங்கே வேறொரு சண்டை. 850 சொற்களே உலகத்துக்குப் போதும் என்று ஒக்டன் என்ற அறிஞர் பேசிக் இங்கிலிஷ் என்ற திட்டத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். வெஸ்ட்டும் உடன் பணியாற்றியோரும் 1934 இல் அதைக் கடுமையாக விமர்சித்து ஒரு நூல் வெளியிட, ஒக்டன் பதில் நூலுடன் பாய்ந்தார். இரு பக்கமும் வார்த்தைகள் சுட்டன.

1935 இல் என்டிகொட் என்பவருடன் சேர்ந்து வெஸ்ட் வெளியிட்ட அகராதி அதைவிடப் பயனுள்ள வேலை. ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டு பொருள் எழுதியிருந்தார்கள். அகராதியில் ஒரு சொல்லைத் தேடப் போய், விளக்கத்தில் உள்ள சொல்லுக்கு மறுபடி அகராதியைப் புரட்டும் அவஸ்தை மாணவனுக்கு இல்லை.

கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் 1934 இல் நியூயோர்க்கிலும் அடுத்த ஆண்டு இலண்டனிலும் சொல் தெரிவு பற்றிய மாநாடுகள் நடந்தன. கருத்தால் எதிரெதிரான வெஸ்ட்டும் பாமரும் அங்கே ஒரே மேசையில் இருந்தார்கள். 1936 இல் அறிக்கை வந்தது. பிறகு யுத்தம் குறுக்கிட்டது. அந்த வேலையை வளர்த்தெடுத்து, சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுச் சேவைச் சொற்பட்டியலை வெஸ்ட் 1953 இல் வெளியிட்டார். ஒவ்வொரு சொல்லும் எந்தப் பொருளில் எத்தனை வீதம் வருகிறது என்பதுவரை அதில் இருந்தது. கணினி இல்லாத காலத்தில், தட்டச்சிலும் தாளிலும் கையால் எண்ணிய கணக்கு அது. தொலைக்காட்சி என்ற சொல்கூட அதில் இல்லை என்று பின்வந்தோர் குறை சொன்னார்கள். குறை சொன்னவர்களும் அதை வைத்தே வேலை செய்தார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1960 இல், கஷ்டமான சூழ்நிலைகளில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் வகுப்பு, ஒரே வகுப்பில் பல மட்டத்து மாணவர், ஆங்கிலத்தில் தாமே தடுமாறும் ஆசிரியர், வெக்கை. ஆங்கிலப் பயிற்சி நூல்களில் சாதாரணமாக இடம்பெறாத இந்த வகுப்பறையை அவர் நடுவில் வைத்தார். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளை வகைப்படுத்தியுள்ள எங்கள் நாட்டில், அந்தத் தலைப்பைப் பார்த்ததுமே பல ஆசிரியர்களுக்குத் தங்கள் வகுப்பு நினைவுக்கு வரும்.

அந்த நூல் சொல்லும் பயிற்சிகளில் ஒன்றுக்கு மின்சாரமும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை. மாணவர்கள் இருவர் இருவராக நிற்கிறார்கள். ஒருவர் புத்தகத்திலிருந்து ஒரு சிறு தொடரை மனதுக்குள் வாசித்து, தலையை நிமிர்த்தி, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். வாசித்துக்கொண்டே சொல்லக்கூடாது. கண் புத்தகத்தை விட்டு நிமிரும் அந்தக் கணத்தில் சொற்றொடரை நினைவில் தாங்க வேண்டியிருப்பதால் வாசிப்பு பேச்சாக மாறுகிறது. நாற்பது பேருள்ள வகுப்பில் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசலாம், ஆசிரியர் பேச்சைக் குறைக்கலாம். வாசிப்பை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தார் என்று குற்றம்சாட்டப்பட்டவர் இறுதிக்காலத்தில் பேச்சுக்கு வந்து சேர்ந்த பாதை இது.

1973 இல் வெஸ்ட் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1978 இல், லோங்மன் நிறுவனம் சுமார் 2,000 சொற்களால் மட்டும் பொருள் கூறும் மாணவர் அகராதியை வெளியிட்டது. 2013 இல் கணினித் தரவுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் புதிய சொற்பட்டியல்களைத் தயாரித்தபோதும், அவற்றுக்கு அவருடைய பட்டியலின் பெயரையே முன்னால் ‘புதிய’ என்று சேர்த்து வைத்தார்கள்.