நடுவழியில் நிற்காத பஸ்: டி.வி.சுந்தரம் ஐயங்கார் கதையும் ஒரு ரேடியேட்டர் மூடியும்

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்கு சுமார் 50 கி.மீ. தூரம்தான். ஆனால் அந்த தூரத்துக்குள் ரோடு முன்னூறு மீட்டருக்கு மேல் மேலே ஏறுகிறது. ஏப்ரல், மே மதியத்தில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து சூளகிரியைத் தாண்டுபவர்களுக்குத் தெரியும். டெம்பரேச்சர் முள் மெதுவாக சிவப்புப் பக்கம் நகரும். கொஞ்ச நேரத்தில் பானெட் ஓரத்தில் இருந்து ஆவி. வண்டி ஓரம் கட்டப்படும்.

இன்றைக்கு இது ஒரு தலைவலி, அவ்வளவுதான். போன் செய்தால் மெக்கானிக் வருவார், இல்லையென்றால் டோ வண்டி வரும். 1912-ல் இதே மாதிரி ஒரு பஸ் நடுவழியில் நின்றால்? பக்கத்தில் ஒர்க்‌ஷாப் கிடையாது, ஸ்பேர் கிடையாது, போனும் கிடையாது. பஸ்சை நம்பி ஏறியவர் அடுத்த முறை மாட்டுவண்டிக்கே திரும்பிவிடுவார்.

அந்த நம்பிக்கையை வைத்து ஒரு தொழிலையே கட்டியவர்தான் டி.வி.சுந்தரம் ஐயங்கார். ஓசூர் ரோடுகளில் தினமும் கண்ணில் படும் டிவிஎஸ் என்ற மூன்று எழுத்தும் அவர் பெயர்தான்.

யார் இவர்?

அவர் பெயரின் முதல் எழுத்தில் இருக்கும் திருக்குறுங்குடிதான் இங்கே முக்கியம். திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் வைணவத் தலம் அது. 1877 மார்ச் 22-ல் அங்கே பிறந்தார்.

அப்பாவின் விருப்பப்படி முதலில் வக்கீல் தொழில். பிறகு ரயில்வே வேலை. அதன் பிறகு வங்கி. அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பம் ஒன்று ஆசைப்படக்கூடிய பாதுகாப்பான வேலைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். எதிலும் மனசு ஒட்டவில்லை. முப்பதுகளின் நடுவில், குடும்பம் குழந்தைகள் எல்லாம் ஆன பிறகு, வேலையை விட்டார். இன்றைய பாஷையில் சொன்னால் லேட் ஸ்டார்ட்அப்.

இறங்கிய துறையும் சாதாரணமானது இல்லை. பெரும்பாலானோர் மோட்டார் வண்டியைக் கண்ணால்கூட பார்த்திராத காலம். 1911-12 வாக்கில் மதுரையை மையமாக வைத்து பஸ் தொழிலைத் தொடங்கினார். தஞ்சாவூர் - புதுக்கோட்டை இடையே ஓடியதுதான் ஆரம்பகால வழித்தடமாகப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனம் இப்படித்தான் பிறந்தது.

அப்போது இன்ஜின் எப்படி குளிர்ந்தது?

அவர் எடுத்த ரிஸ்க் எவ்வளவு பெரியது என்று புரிய, அந்தக் கால இன்ஜினைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இன்ஜினில் எரியும் பெட்ரோலின் வெப்பம் முழுக்க வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. பெரும்பகுதி வீண். அதில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. இன்னொரு பெரிய பங்கை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் உள்ளே உலோகம் விரிந்து, உராய்ந்து, கடைசியில் இன்ஜின் இறுகிவிடும்.

அந்தக் கால வண்டிகள் பலவற்றில் தண்ணீரைத் தள்ளுவதற்கு பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அந்த ஓட்டம் போதும் என்று விட்டிருந்தார்கள். உலகமே வாங்கிய ஃபோர்டு மாடல் டி காரும் இப்படித்தான் ஓடியது. ரேடியேட்டர் மூடியும் இன்றைய மாதிரி அழுத்தம் தாங்கும் மூடி இல்லை. தண்ணீர் கொதித்தால் ஆவியாகப் போய்விடும். டிரைவர் இறங்கி, கிணறோ குளமோ தேடி மறுபடி ஊற்ற வேண்டும்.

இதை வறண்ட புதுக்கோட்டை வெயிலில், புழுதி ரோட்டில், ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு செய்ய வேண்டும். குளத்துத் தண்ணீரில் இருக்கும் உப்பும் சேறும் ரேடியேட்டர் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பஸ் தொழிலில் எதிராளி போட்டி கம்பெனி மட்டும் இல்லை, சூடும் புழுதியும்கூடத்தான்.

ஆணி பொறுக்கிய வண்டி

இந்த இடத்தில்தான் சுந்தரம் ஐயங்கார் மற்றவர்களிடம் இருந்து வேறுபட்டார். வண்டி நின்ற பிறகு சரிசெய்வது ஒரு வகை. நிற்பதற்கு முன்பே காரணத்தை எடுத்துவிடுவது இன்னொரு வகை. அவர் இரண்டாவது வகை.

அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதையே இதற்கு சாட்சி. அன்றைய ரோடுகளில் மாட்டு லாடத்தில் இருந்து கழன்று விழுந்த ஆணிகள் கொட்டிக் கிடக்கும். பஸ் டயர் அடிக்கடி பஞ்சர் ஆகும். பஞ்சர் ஒட்ட கூடுதலாக ஆள் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவரோ காந்தம் கட்டிய ஒரு வண்டியை பஸ்களுக்கு முன்னால் ரோட்டில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்கிறார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்து கடிகாரத்தை சரிசெய்துகொள்ளலாம் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் ஒரு பஸ் நேரத்துக்கு வர வேண்டும் என்றால், அது முந்தின நாள் இரவு ஷெட்டில் ஒழுங்காகப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர், எண்ணெய், பெல்ட், டயர் எல்லாம்தான் அந்த நேரத்துக்குள் அடக்கம்.

பஸ்சைத் தொடர்ந்து லாரிகள் வந்தன. சதர்ன் ரோடுவேஸ் வளர்ந்தது. வண்டி ஓட்டுபவருக்கு உதிரிபாகம் வேண்டும் என்பதால் மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் வந்தது. டயர் தேய்ந்தால் தூக்கிப் போடாமல் மறுபடி ரப்பர் பூசும் ரீட்ரெடிங் தொழில் வந்தது. கார் விற்க சுந்தரம் மோட்டார்ஸ் வந்தது. ஒன்றின் தேவையில் இருந்து இன்னொன்று.

பெட்ரோல் இல்லாத நாட்கள்

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன். பல பஸ்கள் ஷெட்டோடு நின்றுவிட்டன. அப்போது டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்ற கருவியைத் தயாரித்து வண்டிகளை கரியில் ஓட்டினார்கள்.

கரியில் எப்படி வண்டி ஓடும்? அடுப்பு மாதிரியான ஒரு உருளையில் மரக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதை இன்ஜினுக்குள் எரிக்கலாம். ஆனால் அந்த வாயு சூடாகவும் சாம்பலோடும் வரும். அப்படியே விட்டால் இன்ஜின் கெடும், இழுவையும் வராது. முதலில் வடிகட்ட வேண்டும், பிறகு குளிர வைக்க வேண்டும். குளிர்ந்த வாயுதான் அடர்த்தியாக இருக்கும், ஒவ்வொரு இழுப்பிலும் அதிகம் உள்ளே போகும்.

அப்படியும் பெட்ரோல் அளவுக்கு சக்தி கிடைக்காது. மேட்டில் பஸ் திணறும். தினமும் சாம்பல் அள்ள வேண்டும், வடிகட்டி கழுவ வேண்டும். இருந்தாலும் பஸ் ஓடியது. போர்க்காலத்தில் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகவேண்டியவர்களுக்கு அது ஓடியதே பெரிய விஷயம்.

வீட்டுக்குள் ஒரு முடிவு

தொழிலில் மட்டும் இல்லை, வீட்டிலும் அவருக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. மகள் சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம். டாக்டரான கணவர் 1920களில் இறந்துவிட்டார். வைதீகக் குடும்பத்தில் ஓர் இளம் விதவைக்கு அன்று என்ன எதிர்காலம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பெற்றோர் மகளைப் படிக்க அனுப்பினார்கள். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். 1940-ல் காந்தியின் ஆசியோடு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவரும் திண்டுக்கல் அருகே தொடங்கியதுதான் காந்திகிராமம். நேரு அமைச்சரவைக் காலத்தில் மத்திய கல்வித் துறை துணை அமைச்சராகவும் இருந்தார் சௌந்தரம்.

மகன்கள் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டனர். டி.எஸ்.ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா என நால்வரும் ஆளுக்கு ஒரு பக்கம் வளர்த்தார்கள். செவர்லே போன்ற கார்களைச் செய்த அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு இங்கே மிகப் பெரிய விற்பனையாளராக இருந்தது இந்தக் குடும்பம்தான். 1955 ஏப்ரல் 28 அதிகாலை, கொடைக்கானல் வீட்டில் தூக்கத்திலேயே சுந்தரம் ஐயங்கார் காலமானார். வயது 78.

அவர் தொடங்கிய பஸ் சர்வீஸ் இன்று இல்லை. 1970களில் பஸ்கள் அரசுடைமை ஆனபோது டிவிஎஸ் பஸ்களும் போயின. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அப்படித்தான் உருவானது.

சரி, ஓசூருக்கு எப்படி வந்தது?

பஸ் போனாலும் பாகம் செய்யும் தொழில் தங்கியது. பெங்களூருக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள், சிப்காட் தொழிற்பேட்டையோடு ஓசூர் வளரத் தொடங்கிய காலம். குடும்பத்தின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் இங்கே மொபெட் தொழிற்சாலை போட்டது. 1980-ல் டிவிஎஸ் 50 வெளிவந்தது. பால்காரர், பூக்காரர், வாத்தியார் என்று எல்லோரும் ஓட்டிய அந்த வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. காற்றே இன்ஜினைக் குளிர்விக்கும். கொதிக்க அதில் தண்ணீரே இல்லை.

ரேடியேட்டர் கதை குடும்பத்தின் இன்னொரு கிளையில் திரும்பி வந்தது. பேரன் சுரேஷ் கிருஷ்ணா நடத்திய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுக்கும் ஆர்டரைப் பிடித்தது. பிரிட்டனில் மூடப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையின் இயந்திரங்களை தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து மூடிகளைத் தயாரித்தார்கள். சிறந்த சப்ளையர் விருதும் ஜெனரல் மோட்டார்ஸிடம் இருந்து பலமுறை கிடைத்தது. தாத்தா யாருடைய வண்டியை விற்றாரோ, அவர்களுக்கே பேரன் பாகம் அனுப்பினார்.

அந்த மூடி ஏன் இவ்வளவு முக்கியம்?

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். உயரத்தில் இருக்கும் ஓசூரில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் இன்ஜின் வேலை செய்வதே 90 டிகிரிக்குப் பக்கத்தில். அதனால் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் வால்வு வைத்து உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறார்கள். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும், குக்கர் மாதிரி. கூலன்ட்டும் சேர்ந்தால் 120 டிகிரி வரைகூட கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் தேய்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு காலி. சில நூறு ரூபாய் மூடியால் இன்ஜினே போகலாம்.

வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்?

காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பத்து நிமிடம் போதும்.

* ரிசர்வ் டேங்கில் கூலன்ட் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா? அடிக்கடி குறைந்தால் எங்கேயோ கசிவு. வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம், ஹோஸ் கிளிப் ஓரத்தில் காய்ந்த வெள்ளைப் படிவு, வாட்டர் பம்ப்புக்குக் கீழே சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.
* ரேடியேட்டர் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரியோ கொழகொழவென்றோ இருந்தால் மாற்ற வேண்டும். ஆறிய வண்டியில் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தால் மூடியின் மேல் சந்தேகப்படலாம். புது மூடி வாங்கும்போது பழையதில் இருக்கும் அதே அழுத்த எண் இருக்க வேண்டும்.
* டிராஃபிக்கில் மட்டும் ஹீட் ஆகுது, ஹைவேயில் சரியாகுது என்றால் ஃபேன், அதன் ஃபியூஸ் அல்லது ரிலேயைப் பார்க்கணும். ஹைவேயிலும் மேட்டிலும் ஹீட் ஆகுது என்றால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட்.
* போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு உள்ளே படியும். கம்பெனி சொன்ன கூலன்ட், கலக்க டிஸ்டில்டு வாட்டர்.
* எண்ணெய் பால் கலந்த மாதிரி இருந்தால், சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இது வீட்டு வேலை இல்லை. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வழியிலேயே முள் ஏறினால்? ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகப் போட்டு, பத்திரமான இடத்தில் நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். அரை மணி நேரமாவது காத்திருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும், காயம் மோசமாக இருக்கும். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். உலோகம் விரிசல் விடலாம்.

டிஸ்பிளே எச்சரிக்கை வரும்வரை காத்திருப்பதுதான் இன்றைய பழக்கம். சுந்தரம் ஐயங்காரின் பஸ்களில் அப்படி எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆணி குத்துவதற்கு முன்பே பொறுக்க ஆள் அனுப்பினார். இந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரோ ஒகேனக்கலோ கிளம்புகிறவர்கள், சாவியைத் திருப்புவதற்கு முன் பானெட்டை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.