மரத்துக்கு ஒரு நடனம்!

ஆப்பிரிக்காவில் கென்யா என்று ஒரு நாடு. அங்கே 1922-ம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு வெள்ளைக்கார வன அதிகாரியின் முகாமுக்கு 3 ஆயிரம் வீரர்கள் திரண்டு வந்தார்கள்.

சண்டைக்கு வந்தவர்கள் அல்ல. மரங்களுக்காக நடனம் ஆட வந்தவர்கள்!

அழைத்தவர் பெயர் ரிச்சர்டு செயிண்ட் பார்ப் பேக்கர். 1889-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இளைஞர் ஆனதும் கனடா சென்று, சஸ்கட்டூன் நகரில் படித்தார். அந்தப் பகுதியில் குடியேறியவர்கள் மரங்களை வெட்டிவிட்டு நிலத்தை உழுதார்கள். காற்று அடித்தது. மேல் மண் பறந்தது! அந்தக் காட்சி அவர் மனதில் பதிந்துவிட்டது.

முதல் உலகப்போரில் காயம் அடைந்தார். பிறகு கேம்பிரிட்ஜில் வனவியல் படித்து, 1920-ல் கென்யாவுக்கு வேலைக்குப் போனார்.

கடவுள் வேலை

அங்கே கிக்குயு இன மக்கள் காட்டை அழித்துப் பயிர் செய்வார்கள். மண்ணில் சத்து போனதும் வேறு இடம் போவார்கள். விட்டுப்போன இடத்தில் மறுபடி காடு வளரும். நல்ல நிலங்களை வெள்ளையர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, வேறு இடத்துக்கு எங்கே போவது? பழியை அந்த ஏழைகள் தலையில் மட்டும் போடுவது நியாயம் அல்ல.

வேர்ப்பிடிப்பு இல்லாத மண்ணை மழை கரைத்தது.

மரம் நடுங்கள் என்றார், பேக்கர். அது கடவுள் செய்யும் வேலை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

வேறு அதிகாரி என்றால் உத்தரவு போட்டிருப்பார். பேக்கர் யோசித்தார். அவரை விதைக்க ஒரு நடனம் ஆடுகிறார்கள். அறுவடைக்கு ஒரு நடனம் ஆடுகிறார்கள். மரத்துக்கு மட்டும் ஏன் இல்லை?

தலைவர் ஜோசையா ஞோஞ்சோ துணை நின்றார். மர நடனம் பிறந்தது! அழகாக அலங்கரித்துவரும் வீரனுக்கு ஒரு காளை பரிசு.

அன்று முதலில் 50 பேர் உறுதிமொழி எடுத்தார்கள். ஆண்டுக்கு 10 மரம் நடவேண்டும், காட்டைக் காக்கவேண்டும். அவர்களுக்கு 'வாட்டு வா மிட்டி' என்று பெயர். 'மர மனிதர்கள்' என்று அர்த்தம். ஊரே கூடி ஆடிய இடத்தில் கொடுத்த வாக்கு அல்லவா? அதை மீறுவது எளிதா?

1924-ல் பேக்கர் அதே பெயரில் இங்கிலாந்திலும் சங்கம் தொடங்கினார்.

சகாரா

1952-ல் சகாரா பாலைவனத்துக்குப் புறப்பட்டார். 9 ஆயிரம் மைல் பயணம்! பாலைவனம் பரவாமல் தடுக்க மர வேலி போடவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 2007-ல் ஆப்பிரிக்க நாடுகள் 'பசுமைப் பெருஞ்சுவர்' திட்டத்தைத் தொடங்கின. அதைப் பார்க்க அவர் இல்லை.

1982 ஜூன் 9-ந்தேதி, சஸ்கட்டூனில் இறந்தார். வயது 92. சில நாட்களுக்கு முன்புதான், தான் படித்த பல்கலைக்கழகத்தில் ஒரு மரக்கன்று நட்டிருந்தார்.