நெவில் ஸ்டோரி மாஸ்கெலின்

நெவில் ஸ்டோரி மாஸ்கெலின் (செப்டம்பர் 3, 1823 – மே 20, 1911) இங்கிலாந்தைச் சேர்ந்த கனிமவியலாளரும் அரசியல்வாதியும் ஆவார். இந்தியாவில் வீழ்ந்த விண்கற்களை ஆராய்ந்து, விண்கல் கனிமவியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கைச் சுருக்கம்

வில்ட்சயர் மாவட்டத்தில் பிறந்த இவர், அரச வானியலாளர் நெவில் மாஸ்கெலினின் பேரன். ஆக்ஸ்போர்டு வாதம் கல்லூரியில் பயின்றார். சட்டப் படிப்பைக் கைவிட்டு அறிவியலுக்குத் திரும்பினார். 1856 முதல் 1895 வரை ஆக்ஸ்போர்டில் கனிமவியல் பேராசிரியராகவும், 1857 முதல் 1880 வரை பிரித்தானிய அருங்காட்சியகத்தின் கனிமப் பிரிவுக் காப்பாளராகவும் பணியாற்றினார். 1858 இல், ஒளிப்படக் கலைஞரான தெரேசா லெவெலினை மணந்தார். 1880 முதல் 1892 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

விண்கல் ஆய்வுகள்

விண்கற்களை மெல்லிய சீவல்களாக்கி, முனைவுற்ற ஒளியில் நுண்ணோக்கியால் ஆராயும் முறையைத் தொடக்கத்திலேயே கையாண்டவர்களுள் இவரும் ஒருவர். இவர் ஆராய்ந்த கற்களுள் பார்னல்லி விண்கல்லும் அடங்கும். இது பெப்ரவரி 28, 1857 அன்று மதுரை மாவட்டத்தில் வீழ்ந்தது. காளையார்கோவில் உள்ளிட்ட சிவகங்கைப் பகுதியும் அக்காலத்தில் அம்மாவட்டத்திலேயே இருந்தது. இரு துண்டுகளாகக் கிடைத்த இக்கல்லின் மொத்த எடை ஏறத்தாழ 77 கிலோகிராம். சூரியக் குடும்பம் உருவான காலத்துச் சிறு உருண்டைகள் இதில் பெரிதும் மாறாமல் உள்ளன.

1852 இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி அருகே வீழ்ந்த அரிய விண்கல்லில் இரு புதிய கனிமங்களை இவர் கண்டறிந்தார். கால்சியம் சல்பைடாலான ஓல்தமைட்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையை வழிநடத்திய தாமஸ் ஓல்தமின் பெயரைத் தாங்கியுள்ளது. மற்றொன்று டைட்டானியம் நைட்ரைடாலான ஆஸ்போர்னைட்டு. ஓல்தமைட்டு ஈரம் பட்டால் சிதையக்கூடியது. ஆகவே, வீழ்ந்த கல்லை உடனே எடுத்துப் பாதுகாப்பது இத்தகைய ஆய்வுக்கு இன்றியமையாதது. ஆக்சிசன் மிகக் குறைந்த சூழலில் அக்கல் தோன்றியதையும் இக்கனிமங்கள் உணர்த்துகின்றன.

மாஸ்கெலினைட்டு

1865 இல் பீகாரின் ஷெர்காட்டியில் வீழ்ந்த விண்கல்லில் கண்ணாடி போன்ற பொருள் ஒன்றைக் கண்ட ஆஸ்திரிய அறிஞர் குஸ்தாவ் செர்மாக், 1872 இல் அதற்கு மாஸ்கெலினின் பெயரைச் சூட்டினார். பெரும் மோதலின் அதிர்ச்சியால் பெல்ஸ்பார் கனிமம் இவ்வாறு மாறுகிறது. அண்டார்க்டிகாவில் கிடைத்த ஒத்த வகைக் கல்லில் சிறைப்பட்டிருந்த வளிமங்கள், வைக்கிங் விண்கலங்கள் 1976 இல் அளந்த செவ்வாயின் வளிமண்டலத்தை ஒத்திருப்பது 1983 இல் தெரியவந்தது. இதனால் ஷெர்காட்டிக் கல்லும் செவ்வாயிலிருந்து வந்ததாக ஏற்கப்பட்டது.

சிறப்புகள்

1870 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1893 இல் இலண்டன் புவியியல் கழகத்தின் உல்லஸ்டன் பதக்கம் பெற்றார்.