அவைக்கு அஞ்சிய அறிஞர்

நன்னூலார் மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி வரை உவமை காட்டித் தரம் பிரித்தார். அறிவில் மலையென உயர்ந்தும், நாலு பேர் கூடிய இடத்தில் நாவெழாமல் தடுமாறும் பெரியோரை அவ்வாறு வகைப்படுத்தியவர் இலர். உலகம் அவர்கள் அனைவரையும் ஒரே நுகத்தில் பூட்டிக் கிறுக்கர் என்னும் ஒற்றைச் சொல்லால் ஓட்டிவிடுகிறது. அவர்களை ஒரு விருந்துக்கு அழைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

முதல் வகையினர் விருந்து உண்டென்பதையே மறந்துபோகிறவர். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசைப் பணியாளர்கள் வலிந்து இழுத்துச் சென்று நீராட்டுவர் என்றும், அப்போதும் அவர் தம் மேனியில் பூசிய எண்ணெயின் மீது விரலால் வடிவங்கள் வரைந்துகொண்டிருப்பார் என்றும் புளூட்டார்க் எழுதிவைத்தார். இரண்டாம் வகையினர் விருந்துக்கு முதல் ஆளாய் வந்துவிடுவர். தம் துறையைத் தொட்டுவிட்டால் இலை எடுத்த பின்னும் நிறுத்தார். எதிரில் இருப்பவர் விடும் கொட்டாவி அவர் கண்ணில் படாது. இவருக்கு எடுத்துக்காட்டுப் பெயர் தேவையில்லை. எல்லா ஊர்களிலும் உளர், இலக்கிய மன்றங்களிலும் உளர். மூன்றாம் வகையினர் கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டு உண்பவர். இயற்பியல் மேதை பால் டிராக்கின் கேம்பிரிட்ஜ் நண்பர்கள், மணிக்கு ஒரு சொல் என்பதை ஓர் அளவாகக் கொண்டு அதற்கு டிராக் என்றே வேடிக்கையாகப் பெயர் சூட்டினர்.

நான்காம் வகையினர் விருந்தை மறவார், நேரம் தவறாமல் வருவார், வாயிற்படியில் நின்றுவிடுவார். முதல்வர் அவையை அறியார். இரண்டாமவர் அவையின் முகத்தை அறியார். மூன்றாமவர்க்கு அவையின் அளவளாவல் வேண்டா. நான்காமவரோ அவையை விரும்புகிறவர். ஆனால் அதற்கு அஞ்சுகிறவர். இவ்வகைக்குத் தலைமகனாகத் தக்கவர் ஹென்றி கேவண்டிஷ்.

1731 அக்டோபர் 10 அன்று, இன்று பிரான்சில் உள்ள கடற்கரை நகரான நீசில் கேவண்டிஷ் பிறந்தார். தந்தைவழியிலும் தாய்வழியிலும் பாட்டனார் இருவரும் இங்கிலாந்தின் டியூக் பெருமக்கள். இரண்டு வயதளவில் தாயை இழந்தார். தந்தை சார்லஸ் கேவண்டிஷ் அறிவியல் ஆய்வாளர். வெப்பமானிகளைச் செம்மைப்படுத்தியமைக்காக இராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் பெற்றவர். மகன் 1749இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்து, பட்டம் பெறாமலே 1753இல் வெளியேறினார். பின்பு இலண்டனில் தந்தையின் இல்லத்திலேயே தங்கி, அவருடன் ஆய்வு பயின்றார். 1760இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1766இல், எரியும் காற்று என அன்று வழங்கிய ஹைட்ரஜன் தனியொரு வளி என நிறுவிக் காப்ளி பதக்கம் பெற்றார். அந்த வளியும் காற்றிலுள்ள உயிர்வளியும் சேர்ந்து நீராவதை விளக்கும் கட்டுரை 1784இல் வந்தது.

நடுவயதுக்குப் பின் பெருஞ்செல்வம் அவரை வந்தடைந்தது. அதனால் அவர் வாழ்வில் மாறியது ஏதுமில்லை. நிறம் மங்கிய பழம்பாணி அங்கியையும் மும்முனைத் தொப்பியையும் அவர் விடவில்லை. கணக்கில் 80,000 பவுண்டு தேங்கிக் கிடப்பதாகச் சொல்ல வந்த வங்கியாளரிடம், அது அவர்களுக்குத் தொல்லையானால் வேறிடத்திற்கு மாற்றிவிடுவதாகக் கூறி மிரள வைத்தார். விருந்தினர்க்கு அவர் இல்லத்தில் என்றும் ஓர் ஆட்டுத்தொடைதான் சமைக்கப்படும். ஒருமுறை ஐவர் வருகின்றனர், ஒன்று போதாதே எனப் பணிப்பெண் தயங்க, அப்படியானால் இரண்டு சமைக்கலாம் எனச் சிக்கலைத் தீர்த்தார். அதையும் நேரில் சொல்வது அரிது. நாள்தோறும் உணவுக்கான ஆணையைச் சீட்டில் எழுதிக் கூடத்து மேசையில் வைத்துவிடுவார். பணிப்பெண்களை எதிர்கொள்ளாதிருக்க வீட்டில் மற்றொரு படிக்கட்டே கட்டுவித்தார் என்பர்.

இவை மட்டும் தெரிந்தவர்கள் அவரை மனிதரை வெறுத்தவர் என்று எழுதினர். அவர் வாழ்க்கை அதற்குச் சான்று பகரவில்லை. தம் பெரிய நூலகத்தை இலண்டனில் தனி வீடொன்றில் அமைத்து, ஆய்வாளர்க்குத் திறந்துவைத்தார். தம் நூலைத் தாமே எடுக்கும்போதும் ஏட்டில் கையொப்பமிட்டே எடுத்தார். இளைஞரான ஹம்ப்ரி டேவியின் சோதனைக்குப் பிளாட்டினத் துண்டுகள் கொடுத்ததோடு, அவர் கண்ட முடிவுகளைப் பார்க்கவும் நேரில் சென்றார். இராயல் சொசைட்டியினர் வியாழன்தோறும் கூடி உண்ணும் மன்றத்திற்குப் பல்லாண்டுகள் தவறாமல் வந்தார். வெறுப்புடையவர் வாரந்தோறும் வருவாரோ?

சொசைட்டித் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸ் இல்லத்தில் மாலைக் கூட்டங்கள் நடக்கும். கேவண்டிஷ் மாடிப்படி ஏறிக் கதவருகே வந்து, அதைத் திறக்கத் துணிவின்றி நெடுநேரம் நிற்பார். பின்னால் எவரேனும் படியேறும் ஓசை கேட்டால், நிற்கவும் வழியின்றி உள்ளே நுழைவார். ஒருமுறை அங்கே வந்த ஆஸ்திரிய நாட்டுப் பெருமகன் ஒருவர் அவரை நேருக்கு நேர் நின்று புகழத் தொடங்கினார். கேவண்டிஷ் தலைகுனிந்து தவித்தார். கூட்டத்தில் சிறிது இடைவெளி தென்பட்டதும் பாய்ந்தோடி, வண்டியேறி வீடு சேர்ந்தார். புகழுக்கு அஞ்சி ஓடிய அவரது நிலை, புகழைத் தேடி ஓடுவோர் மலிந்த அவைகளில் எண்ணிப் பார்க்கத் தக்கது.

நண்பர்கள் நாளடைவில் ஒரு வழி கண்டனர். அவரைப் பார்த்துப் பேசலாகாது. வெற்றிடத்தை நோக்கிப் பேசுவதுபோல் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். அது அவருக்கு உவப்பானதாயின் விடை வரும். வந்த விடை பொன்னாயிருக்கும். அவருடைய ஓவியமும் இவ்வாறே, அந்த மன்றத்து உணவுவேளையில், அவர் அறியாதபடி வரையப்பட்டது.

அவரது புகழ்பெற்ற சோதனை 1797, 1798 ஆண்டுகளில் நிகழ்ந்தது. ஜான் மிச்சல் என்னும் பாதிரியார் வடிவமைத்து, பயன்படுத்துமுன்பே மறைந்துபோக, அந்தக் கருவி கேவண்டிஷின் கைக்கு வந்தது. ஆறடி மரக்கோலின் இருமுனைகளிலும் சிறு ஈயக்குண்டுகள். அவற்றின் அருகே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 158 கிலோ எடையுள்ள இரு பெருங்குண்டுகள். பெரியது சிறியதை ஈர்க்கும் மிக மெல்லிய விசையை அளந்தால் புவியின் அடர்த்தி தெரியும். ஆள் உள்ளே நின்றால் உடற்சூடே காற்றை அசைத்து அளவைக் கெடுக்கும். எனவே அறையை அடைத்துவிட்டு, வெளியே நின்று, சுவரிலிட்ட துளைவழித் தொலைநோக்கியால் பார்த்தார். வெளியே நின்று உள்ளே பார்ப்பது அவருக்குப் பழகிய கலை. புவியின் அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு என்றார். இன்றைய அளவு 5.51.

1810 பிப்ரவரி 24 அன்று கிளாப்பம் இல்லத்தில், உடனிருந்த பணியாளரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனிமையில் உயிர்நீத்தார் என்பர். பத்து இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட செல்வத்தை விட்டுச் சென்றார். அதனினும் பெரிய செல்வம் கட்டுக்கட்டாகக் கையெழுத்தில் கிடந்தது. அரை நூற்றாண்டு உழைப்பில் அவர் அச்சேற்றியவை இருபதுக்கும் குறைவான கட்டுரைகளே.

கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் குடும்பத்தின் பெயரால் 1874இல் ஆய்வுக்கூடம் எழுந்தபோது, அதன் முதல் பேராசிரியர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அந்த மின்னியல் ஏடுகளைக் கையிலெடுத்தார். கூலும் 1785இல் வெளியிட்ட மின்விசை விதி, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்தது. ஓம் 1827இல் வெளியிட்ட விதியின் கருவும் இருந்தது. மின்னளவு காட்டும் கருவி இல்லாக் காலத்தில், கேவண்டிஷ் தம் உடலையே கருவியாக்கி, அதிர்ச்சி கைவரை எட்டியதா முழங்கைவரை எட்டியதா என ஒப்பிட்டுக் குறித்திருந்தார். மேக்ஸ்வெல் அச்சோதனைகளை மீண்டும் செய்தார். ஆய்வுக்கூடத்திற்கு வந்தவர்களையும் மின்னதிர்ச்சி தாங்கச் சொல்லிச் சரிபார்த்தார். நூல் 1879இல் வெளிவந்தது. அவ்வாண்டின் நவம்பரிலேயே மேக்ஸ்வெல் மறைந்தார்.

ஏறத்தாழ நூறாண்டுகள் உலகம் அந்த உண்மைகளை மற்றவரிடம் மீண்டும் கற்க நேர்ந்தது. அதற்குக் கேவண்டிஷின் கூச்சம் ஒரு காரணம். அவரைச் சூழ்ந்திருந்த மன்றம் குறைவான மன்றமன்று; அஞ்சியவரை அழைத்து அமரவைத்தது, பார்க்காமல் பேசிப் பேசவும் வைத்தது. ஆயினும் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்த ஏடுகள் மட்டும் அந்த மேசைக்கு வந்து சேரவில்லை.