ஸ்படிகமும் காந்தமும்: கே. எஸ். கிருஷ்ணன்

ஆமத்தூரினின்று சிவகாசி மார்க்கமாக மேற்கே சென்று, ஸ்ரீவில்லிபுத்தூரை அடைந்து வடக்கே திரும்பினால், மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு என்னும் ஊர் உளது. கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன் அவ்வூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். இரண்டும் மிஷன் கல்லூரிகளே என்பதை நாம் சற்றுப் பெருமையுடனேயே குறிப்பிடுகிறோம்.

அவர் பெயரைக் கேட்டவுடன், 1928-இல் கல்கத்தாவில் ராமனுடன் கூடிச் செய்த ஒளிச்சிதறல் ஆராய்ச்சியே பலர் நினைவிற்கு வரும். உடனுழைத்தவர் என்று கூறி அவ்வளவில் விட்டுவிடுகிறோம். அது நியாயமன்று. அவருக்கே உரிய பெரும்பணி அதன் பின்னரே தொடங்கிற்று.

1928 முடிவில் டாக்கா சர்வகலாசாலை சென்ற கிருஷ்ணன், ஸ்படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப் புலத்தினுள் தொங்கவிட்டார். ஸ்படிகம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகக் காந்தத்திற்கு இணங்குவதில்லை. இழையை மேலிருந்து முறுக்கிக்கொண்டே போனால், ஒரு நிலையில் ஸ்படிகம் சட்டென்று புரண்டுவிடும். அம்முறுக்கின் கோணத்தைக் கொண்டு, திசைக்குத் திசை உள்ள வேற்றுமையைக் கணித்தார். எளிய கருவிதான், கண்ணும் கையும் பொறுமையும் மிக வேண்டும்.

1933-இல் கல்கத்தாவிற்குத் திரும்பிய பின் இப்பணி மேலும் நுட்பமாயிற்று. மாங்கனீஸ் உப்புகளிலும், மூன்று மின்னேற்றமுடைய இரும்பின் உப்புகளிலும் இவ்வேற்றுமை மிக மிகச் சொற்பம். இல்லையென்றே தள்ளிவிடலாம் போலிருந்த அதனையும் அவரும் பானர்ஜியும் அளந்தனர். சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் அவ்வயனிகளின் சக்தி நிலைகளைச் சிறிது பிளப்பதே அதன் காரணம்.

அச்சிறு பிளவு இன்று பெருங்காரியமாகிவிட்டது. நீலமணி ஸ்படிக உருளையைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து, அதனுள் நுண்ணலைகளைச் சுழலவிட்டால், அவற்றின் அதிர்வெண் வியக்கத்தக்க நிலையுடையதாகிறது. தூய நீலமணியிலும் குரோமியம், இரும்பு முதலியவற்றின் அயனிகள் அணுவளவு கலந்திருக்கும். உஷ்ணம் மாறும்போது ஸ்படிகம் அதிர்வெண்ணை ஒரு பக்கம் தள்ள, இவ்வயனிகள் மறுபக்கம் தள்ளுகின்றன. குறித்ததொரு குளிரில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், உஷ்ணம் சிறிது ஏறி இறங்கினும் அதிர்வெண் அசைவதில்லை. மாசு என்று நாம் வெறுப்பதே இங்கே காவலாகிறது! நீலமணியிலுள்ள இரும்பு அயனியின் பிளவு விநாடிக்குச் சுமார் 1,204 கோடி அதிர்வுகளுக்குச் சமம். அவ்வயனி கிருஷ்ணன் உப்புகளில் ஆராய்ந்த அதே வகையினது.

1940-இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. 1942-இல் அலகாபாத் சென்றார். 1947-இல் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் டைரக்டரானார். 1961 ஜூன் 14-இல் காலமானார். இந்தியாவின் நேரத்தைப் பிழையின்றிக் காக்கும் பொறுப்பு இன்று அவ்வாராய்ச்சிசாலையினுடையதே.